வெள்ளைக்கு ஐந்து, கறுப்புக்கு ஐந்து

அந்த மருந்துத் தொழிற்சாலையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. டார்ச் என்றால் போதும். இளையவர்களுக்கு டார்ச் அக்கா. ஊசி மருந்து நிரப்பிய குப்பிகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நல்லதை ஒரு தட்டிலும் கெட்டதை இன்னொரு தட்டிலும் வைக்கிற வேலை. பத்தொன்பது வருஷம். தலைமுடியில் பாதிகூட இல்லாத கண்ணாடிச் சில்லு உள்ளே கிடந்தாலும் அவள் கையைத் தாண்டி வெளியே போனதில்லை. பக்கத்துக் கூடத்திலிருந்து ஆட்கள் சந்தேகக் குப்பியைத் தூக்கிக்கொண்டு அவளைத் தேடி வருவார்கள்.

"டார்ச், இது குமிழா, கண்ணாடியா?"

ஒரு திருப்பு திருப்பிப் பார்ப்பாள். "குமிழு மேல போகும். கண்ணாடி கீழ போகும். நூலுக்குப் போக்கிடம் தெரியாது, நடுவுலயே சுத்தும். இது கண்ணாடி." அவ்வளவுதான், வழக்கு முடிந்தது.

அதே டார்ச் ஒரே மாதத்தில் இரண்டு தடவை பரீட்சையில் தோற்றாள்.

பரீட்சை என்பது அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் வருஷத்துக்கு ஒருமுறை உண்டு; தோற்றால் இன்னும் இரண்டு வாய்ப்பு. இருநூறு குப்பி தருவார்கள். அதில் முப்பது கெட்டவை. எவை என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. அடியில் கண்ணுக்குத் தெரியாத மையில் எண் எழுதியிருக்கும்; ஊதா விளக்கின் கீழ் பிடித்தால்தான் தெரியும். கண்ணாடிச் சில்லு ஒன்றைக்கூட விடக்கூடாது. நூல், தூசி என்றால் இரண்டு மூன்று மன்னிப்பு. நல்லதைக் கெட்டது என்று ஒதுக்கினாலும் குற்றம்; எட்டைத் தாண்டினால் தோல்வி.

முதல் தடவை அவள் இரண்டு கண்ணாடிச் சில்லை விட்டாள். அந்தப் பயத்தில் இரண்டாம் தடவை நல்ல குப்பிகள் இருபத்து மூன்றைக் கெட்டது என்று தள்ளினாள். மூன்றாவது வாய்ப்பு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு. அதிலும் போனால் விளக்குக் கூடத்தை விட்டு அட்டைப் பகுதிக்கு மாற்றிவிடுவார்கள்.

அட்டைப் பகுதியில் சம்பளம் ஒரு காசு குறையாது. உட்கார்ந்து பெட்டி மடிக்கலாம், பாட்டுக் கேட்கலாம், பேசலாம். பல பேர் கேட்டு வாங்கிக்கொண்டு போகிற இடம். அவளுக்கோ அந்தப் பெயரே ஆகாது. அங்கே வேலை கைக்குத்தான். மனசுக்கு எட்டு மணி நேரமும் விடுமுறை. எட்டு மணி நேரம் அந்த ஒரு வாக்கியத்தோடு தனியாக உட்கார்ந்திருக்க அவளால் முடியாது.

வாக்கியம் அவள் சொன்னதுதான். "இனிமே என் முகத்துல முழிக்காதே."

சொன்னது மகனிடம். அவனுக்கு இருபத்திரண்டு வயது. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டான். விட்டது கூடப் பரவாயில்லை. எட்டு மாதம் தினமும் காலையில் குளித்து, பையை மாட்டிக்கொண்டு, "போயிட்டு வரேம்மா" என்று சொல்லிப் புறப்பட்டு, பேருந்து நிலையத்தில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறான். கல்லூரியிலிருந்து வந்த ஒரு கடிதத்தில் குட்டு உடைந்தது. அன்று அவள் போட்ட சத்தத்தில் மாடிவீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவன் அதே பையை மாட்டிக்கொண்டு போனான். பதினோரு மாதம் ஆகிவிட்டது.

இரண்டாம் மாதம் அப்பாவுக்கு மட்டும் ஒரு செய்தி வந்தது. 'நல்லா இருக்கேன். தேட வேண்டாம்.' அந்த எண் அன்றே அணைந்துவிட்டது.

அவள் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அதிகம் திட்டாத மனுஷர். ஒரு நாள் மட்டும், சட்டைப் பொத்தானைப் போட்டபடி, சுவரைப் பார்த்துச் சொன்னார்: "ஊசிமுனை கண்ணாடியெல்லாம் கண்டுபிடிக்கிற. எட்டு மாசம் பெத்த புள்ள முகத்தப் பாத்தும் ஒண்ணும் தெரியலியா உனக்கு?" சொல்லிவிட்டு அவரே பதறிப்போய், "எனக்கும்தான் தெரியல, விடு" என்றார். முதலில் சொன்னது உள்ளே இறங்கிவிட்டது. பின்னால் சொன்னது இறங்கவில்லை.

கண் டாக்டரிடம் போனாள். அவர் எழுத்துப் பலகையைக் காட்டினார், சொட்டு மருந்து விட்டார், கருவிக்குள் தாடையை வைக்கச் சொன்னார். கடைசியில் சிரித்தார்.

"இந்த வயசுல இப்படியொரு கண்ணு கெடைச்சா நானே எழுதி வாங்கிக்குவேன். குறையே இல்லம்மா."

"அப்புறம் ஏன் டாக்டர் விட்டுப்போகுது?"

"வீட்டுல ஏதாவது பிரச்சினையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

அவர் ஒரு சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

கூடத்தில் பக்கத்து விளக்கு ரேடியோவுடையது. ஓயாமல் பேசுவதால் அந்தப் பெயர். கண் குப்பியில் இருக்கும், வாய் ஊர் சுற்றிக்கொண்டிருக்கும். ஆனாலும் ரேடியோ ஒரு பரீட்சையிலும் தோற்றதில்லை. டார்ச்சுக்கு அது எரிச்சலாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது.

இப்படி இருக்கையில்தான் நிர்வாகம் மூச்சு மாஸ்டரை வரவழைத்தது. ஊழியர் மனநலம் என்று ஏதோ ஒரு திட்டம். சாப்பாட்டுக் கூடத்தில் அறுபது பிளாஸ்டிக் நாற்காலி. மாஸ்டர் வெள்ளைச் சட்டையில் வந்து ஒலிவாங்கியைத் தட்டினார்.

"எல்லாரும் கண்ண மூடுங்க."

"சார், கண்ணத் தொறந்து வைக்கத்தான் எங்களுக்குச் சம்பளம்" என்றாள் ரேடியோ. "மூடினா மெமோ."

கூடம் சிரித்தது. மாஸ்டரும் சிரித்தார். "இப்ப மட்டும் மூடலாம்மா. மூச்சு உள்ள வருது, வெளிய போகுது. அத மட்டும் பாருங்க. நினைப்பு வரும். வரட்டும். விரட்டாதீங்க. வந்த மாதிரியே போயிடும்."

அறுபது பேர் மூச்சு விட்டார்கள். டார்ச் கையைத் தூக்கினாள்.

"சார், போகலன்னா?"

"போகும்மா."

"போகலன்னா சார்?"

"போகும். பழகப் பழகப் போகும்."

"பதினோரு மாசமா போகல சார்."

மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த குழு கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. "தனியா வந்து பாருங்கம்மா" என்றார். பிறகு பார்த்தபோது அவர் காரில் ஏறிக்கொண்டிருந்தார்.

ஆனாலும் அவள் விடவில்லை. பிடிக்க வேறு கொம்பும் இல்லை. வேலை முடிந்து வந்து முன்னறையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். கணவர் வேன் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் பார்த்தார்.

"என்ன இது, கரன்ட் போன மிக்ஸி மாதிரி உக்காந்திருக்க?"

"மூச்சப் பாக்கறேன்."

"அது பாட்டுக்குப் போயிட்டுத்தானே இருக்கு?"

"கொஞ்சம் சும்மா இருங்க."

அவர் சும்மா இருந்தார். அவளால்தான் முடியவில்லை. முதல் மூச்சு சரியாக வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவது மூச்சோடு அந்த வாக்கியம் வந்தது. அதன் பின்னாலேயே பையின் பட்டையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்ட அவன் கை வந்தது. மறுநாளும் மூன்றாவது மூச்சு. அதற்கு மறுநாளும் மூன்றாவதேதான். நான்காம் நாள் எழுந்துபோய் அடுப்பை அரைமணி நேரம் தேய்த்தாள். கண்ணை மூடினால் அவன் இருக்கிறான். திறந்தால் அவன் இல்லை. எந்தப் பக்கம் போவது?

வெள்ளிக்கிழமை வந்தது.

கைபேசி விளக்குக் கூடத்துக்குள் போகக்கூடாது. உடை மாற்றும் அறையில் அவரவர் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். ஒன்பதே முக்காலுக்குப் பூட்டப் போனவள் திரையைப் பார்த்தாள். இரண்டு தவறிய அழைப்புகள். தெரியாத எண்.

திருப்பி அடித்தாள். மணி முழுசாக அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தாள். இந்தத் தடவை வேறு யாருடனோ பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னது.

"அவன்தான்டி" என்றாள் ரேடியோவிடம். "என்னைத்தான் கூப்புடறான். அதான் ரெண்டு பக்கமும் பிஸி."

"இருக்கும் டார்ச். இல்லாமலும் இருக்கும். நீ மொதல்ல உள்ள போ."

கூடத்துப் பொறுப்பாளர் வாசலில் நின்றார். மகன் வயதை விட நாலைந்து வயது கூட இருக்கும் ஒரு பெண். எல்லோரும் மேடம் என்பார்கள்.

"அக்கா, எல்லாம் ரெடி. வாங்க."

"அஞ்சே அஞ்சு நிமிஷம் மேடம்."

"நேரம் பதிவு பண்ணியாச்சு அக்கா. பத்து மணிக்கு ஒக்காரலன்னா தோத்ததாத்தான் எழுதணும். என் கையில இல்ல."

"என் பையன் கூப்பிட்டிருக்கான் மேடம்."

மேடம் கண்களைத் தாழ்த்தினார். அந்தக் கதை தெரியாதவர்கள் கூடத்தில் யாரும் இல்லை. "ஒரு மணி நேரம்தான் அக்கா" என்றார் மெதுவாக.

டார்ச் பெட்டியைப் பூட்டினாள். பூட்டின சத்தம் காதிலேயே நின்றது.

உள்ளே இருட்டு. தடுப்புக்குத் தடுப்பு ஒரு விளக்கு. விளக்குக்குப் பின்னால் பாதி வெள்ளை, பாதி கறுப்பாக ஒரு பலகை. குப்பியின் கழுத்தைப் பிடித்து, மெல்லத் தலைகீழாக்கி, ஒரு சுழற்றுச் சுழற்றி நிறுத்தினால் உள்ளே மருந்து மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். வெள்ளைக்கு முன்னால் ஐந்து வினாடி; கறுத்த தூசி அதில் தெரியும். கறுப்புக்கு முன்னால் ஐந்து வினாடி. நூலும் கண்ணாடியும் அதில் தெரியும். ஐந்துக்கு ஒருமுறை ஒரு சின்னப் பச்சை விளக்கு மினுங்கும். வைத்த குப்பியைத் திரும்பத் தொடக்கூடாது.

முதல் குப்பி. வெள்ளை, கறுப்பு. அவனாகத்தான் இருக்கும். இரண்டாவது. அவனுக்கு என் நம்பர் மனப்பாடம். மூன்றாவது. ஆஸ்பத்திரியிலிருந்து யாராவது கூப்பிட்டிருந்தால்? நான்காவது. அவன் பையில் என் எண் எழுதின காகிதம் இருந்து, அதைப் பார்த்து யாரோ... ஐந்தாவது, ஆறாவது. மூன்றாம் முறை அடித்துப் பார்த்துவிட்டு, 'அம்மா எடுக்க மாட்டேங்கறா' என்று அணைத்துவிடுவான். அதோடு முடிந்தது. இன்னொரு பதினோரு மாதம்.

பச்சை விளக்கு மினுங்கியது. அவள் கை வெறுமையாக இருந்தது. ஒன்பதாவது குப்பி நல்ல தட்டில் நின்றுகொண்டிருந்தது. அதை வைத்தது அவள் கைதான். ஆனால் அதைப் பார்த்த ஞாபகம் இல்லை. வெள்ளைக்கு முன்னால் பிடித்தாளா? கறுப்புக்கு? தெரியாது. உள்ளே கண்ணாடி இருந்தால் பரீட்சை அங்கேயே முடிந்தது. மீதி நூற்றுத் தொண்ணூற்றொன்றைப் பார்ப்பது வீண்.

எழுந்து போய்விடலாம் என்று நினைத்தாள். நாற்காலியைப் பின்னால் தள்ளக்கூடச் செய்தாள். எழுந்தால் ஐம்பது அடியில் பெட்டி, பெட்டிக்குள் கைபேசி. தோற்றவள்தானே, போய்ப் பேசிவிட வேண்டியதுதானே?

ஏதோ ஆத்திரத்தில் பத்தாவது குப்பியைப் பறித்து எடுத்துக் குலுக்கினாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் செய்கிற தப்பு அது. பத்தொன்பது வருஷத்தில் எத்தனை பேரை அதற்காக அவள் அதட்டியிருப்பாள். குப்பி முழுவதும் குமிழ் பொங்கிவிட்டது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை, வெறும் வெண்மை.

அதற்கும் ஒரு விதி உண்டு. குமிழ் வந்தால் குப்பியை விளக்குக்குக் கீழே நிறுத்திவிட்டு, அடங்கும் வரை காத்திருக்க வேண்டும். அரை நிமிஷமோ, கூடவோ ஆகும். நேரம் ஓடுவதால் பரீட்சையில் யாரும் காத்திருப்பதில்லை. உத்தேசமாக ஒரு தட்டில் வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். அவளுக்கு எப்படியும் எல்லாம் போய்விட்டது. நேரத்தைச் சேர்த்து வைத்து என்ன செய்யப்போகிறாள்? குப்பியை நிறுத்தினாள். கையைத் தொடையில் வைத்துக்கொண்டாள்.

குமிழ்கள் ஏறின. பெரியவை முதலில், விறுவிறுவென்று. நடுத்தரமானவை கொஞ்சம் தள்ளாடி. சின்னவைதான் மெதுவாகப் போயின. ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல். எதையும் அவள் உந்திவிட முடியாது, இழுத்துப் பிடிக்கவும் முடியாது. ஒன்று குப்பியின் தோள்பட்டை வளைவில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நின்றது. அவள் அதைப் பார்த்தாள். அது நின்றுகொண்டே இருந்தது. பிறகு விட்டது, ஏறியது, மேலே போய் உடைந்தது.

அவனாக இருக்குமோ என்ற கேள்வி அப்போதும் இருந்தது. எங்கும் போய்விடவில்லை. ஆனால் அது பக்கத்துத் தடுப்பில் ரேடியோ பேசுகிற மாதிரி இருந்தது. காதில் விழுகிறது, பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

மருந்து தெளிந்தது. எல்லாம் மேலே போய் முடிந்த பிறகு அடியில் ஒன்று மட்டும் ஏறாமல் கிடந்தது. குப்பியை எடுத்து மெல்லச் சாய்த்தாள். கறுப்புக்கு முன்னால் அது ஒரு பக்கம் திரும்பி ஒரு முறை பளிச்சிட்டு, மறுபடி அடியில் படுத்தது. கண்ணாடி. கெட்ட தட்டில் வைத்தாள்.

நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

பதினொன்று. எடுக்கும்போதே இது நல்லதாக இருக்கட்டும், இது கெட்டதாக இருக்குமோ என்று அவள் மனசு ஒரு மாதமாக முந்திக்கொண்டு தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தது இப்போதுதான் புரிந்தது. குப்பி கைக்கு வரும் முன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது. பிறகு கண் எதைப் பார்க்கும்? சுழற்றினாள். நிறுத்தினாள். வெள்ளைக்கு ஐந்து, கறுப்புக்கு ஐந்து. ஒன்றுமில்லை, நல்ல தட்டு. அடுத்தது. நூல், நடுவிலேயே திரிந்தது, கெட்ட தட்டு. அடுத்தது.

இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை கண்ணுக்கு ஓய்வு கட்டாயம். மணி அடித்ததும் எழுந்து சுவரோரம் நிற்க வேண்டும். நின்ற கணமே எல்லாம் திரும்பி வந்து மேலே விழுந்தது: எண், பூட்டு, ஆஸ்பத்திரி, பை, வாக்கியம். சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். மணி அடித்தது. வந்து உட்கார்ந்தாள். முதல் இரண்டு குப்பி அவனை நினைத்தபடியே போயின. மூன்றாவதில் மருந்து மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

முடிந்தபோது அவளுக்கு முடிந்தது தெரியவில்லை. கை அடுத்த குப்பிக்கு நீண்டு வெறும் தட்டைத் தொட்டது.

மேடம் ஊதா விளக்கைப் போட்டு ஒவ்வொரு குப்பியாகத் தூக்கி அடியைப் பார்த்து எழுதினார். டார்ச் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒன்பதாவதை மேடம் இரண்டு தடவை பார்த்தார்.

"இதுல விட்டுட்டீங்க அக்கா."

"என்னது மேடம்?"

"நூல்."

கண்ணாடி இல்லை. மூச்சு இறங்கியது. கடைசியில் கணக்கு வந்தது: கண்ணாடி எல்லாம் பிடிபட்டது, நூல் இரண்டு விட்டுப்போனது, நல்லதில் நாலைக் கெட்டது என்று தள்ளியிருந்தாள்.

"பாஸ் அக்கா! டார்ச்னா டார்ச்தான்!"

அவளுக்கு அப்போதுதான் அது உறைத்தது. எழுபதாவது குப்பியிலோ, நூறாவதிலோ, எங்கோ ஓரிடத்தில் அவள் மகனை நினைக்கவில்லை. ஒரு வினாடி இரண்டு வினாடி இல்லை, நெடுநேரம். அவன் கூப்பிட்டுக்கொண்டிருக்கலாம் என்ற அந்த நேரத்திலேயே அவனை மறந்துபோய், மனசு குளிர உட்கார்ந்திருந்திருக்கிறாள். என்ன பொம்பளை நான்? முகக்கவசத்துக்குள் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"பாஸ் ஆயிட்டு ஏன் அக்கா அழறீங்க?" என்று மேடம் பதறினார்.

கையை மட்டும் அசைத்துவிட்டு உடை மாற்றும் அறைக்கு ஓடினாள்.

பெட்டியைத் திறந்தாள். இன்னும் ஒரு தவறிய அழைப்பு, அதே எண். அடித்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள்.

"ஏம்மா, காலைலேருந்து எத்தன தடவ கூப்புடறது?" கரகரத்த, வயதான ஒரு ஆண் குரல். "தண்ணித் தொட்டி கழுவ வரச் சொல்லிட்டு கதவ சாத்திக்கிட்டா என்னம்மா அர்த்தம்? பக்கெட்டும் பிரஷ்ஷும் தூக்கிக்கிட்டு மூணு மாடி ஏறி எறங்கிட்டேன். எனக்கென்ன இருபது வயசா?"

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். பதினோரு மாதமாகத் தெரியாத எண்ணில் எத்தனையோ பேர் பேசியிருக்கிறார்கள். மகன் குரல் இல்லை என்று தெரிந்த அடுத்த நொடி அணைத்துவிடுவாள். எதிரில் பேசினது ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்லத் தெரியாது. இப்போது கட்டைவிரல் அந்தச் சிவப்புப் பொத்தானுக்குப் போய் நின்றது. மார்பில் ஏதோ ஒன்று கல்லாக இறங்கிக்கொண்டிருந்தது. அது இறங்குவதை உணர்ந்தபடியே அவள் அந்தக் குரலைக் கேட்டாள். இரைக்கிற மூச்சு. பின்னால் ஒரு வாளி தரையில் உராய்கிற சத்தம்.

"நான் வரச் சொல்லலீங்க ஐயா" என்றாள். "நம்பர் மாறியிருக்கும். உங்ககிட்ட எழுதியிருக்கறதப் படிங்க."

"கண்ணாடி இல்லாம எனக்குச் சரியாத் தெரியலம்மா."

"மெதுவாப் படிங்க. ஒவ்வொண்ணா."

அவர் படித்தார். அவள் ஒவ்வொரு எண்ணாகக் கேட்டாள். "கடைசிக்கு முன்னாடி ஏழா?"

"ஏழுதான். இரு. மேல கோடு கொஞ்சம்... ஒண்ணா இருக்குமோ?"

"ஒண்ணுதான் போட்டுப் பாருங்க. கிடைக்கலன்னா எனக்கே திருப்பிக் கூப்புடுங்க. எங்கேயாவது நிழல்ல ஒக்காந்து போடுங்க ஐயா, மூச்சு வாங்குது உங்களுக்கு."

"சரிம்மா. சத்தம் போட்டுட்டேன், மனசுல வெச்சுக்காத."

"பரவாயில்லீங்க."

அழைப்பு முடிந்தது. ரேடியோ கதவருகே நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ, எவ்வளவு கேட்டாளோ.

"தம்பியா?"

"இல்ல. தொட்டி கழுவறவர்."

ரேடியோ பக்கத்தில் வந்து உட்கார்ந்து டார்ச்சின் தோளில் தோளை இடித்தாள்.

"ரொம்ப வலிக்குதா?"

டார்ச் தனக்குள்ளே பார்த்துவிட்டுச் சொன்னாள். "ஆமா. இங்க." நெஞ்சுக்குழியைத் தொட்டுக் காட்டினாள். "அதே இடத்துலதான் நிக்குது."

"இன்னைக்கு லீவு சொல்லிடு. மேடம் தருவாங்க."

"வேண்டாம். மதிய லாட்டுல எத்தன குப்பி?"

"அது இருக்கு எக்கச்சக்கம்."

முகத்தைக் கழுவிக்கொண்டாள். புது முகக்கவசம், புதுக் கையுறை. கைபேசியை உள்ளே வைக்கும்போது திரையை இன்னொரு தடவை பார்த்தாள், ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்பதைப் பார்த்துவிட்டுப் பூட்டினாள். தன் தடுப்பில் போய் உட்கார்ந்தபோது நெஞ்சுக்குழியில் வலி அப்படியே இருந்தது. அதையும் வைத்துக்கொண்டுதான் முதல் குப்பியை எடுத்து மெல்லத் தலைகீழாக்கினாள்.